பாஸான பாடத்தைத் திரும்பப் படித்தவள்

ததேயுஸின் மகள் ஜின்சி டி.எஸ்.பி. எடுக்கிறாள் என்று கேள்விப்பட்டதும் இனயம் என்ற அந்தக் கடலோர ஊரில் பாதிப்பேர் அவள் போலீசில் பெரிய உத்தியோகத்துக்குப் போய்விட்டாள் என்றே நினைத்தார்கள். கருங்கல் சந்தையில் ஒருத்தி அவளுடைய அம்மா கிரேசியின் கையைப் பிடித்துக்கொண்டு, "எக்கா, மொவ டி.எஸ்.பி. ஆயிட்டாளாமே, இனி எங்களெல்லாம் ஓர்மை இருக்குமா?" என்று கேட்டாள்.

"போலீசும் இல்ல, ஒண்ணும் இல்ல. அது ஒரு பாடமாக்கும்" என்று கிரேசி கையை விடுவித்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்ததும் மகளிடம், "ஏட்டி, அந்தப் பாடத்துக்கு வேற பேரே இல்லியா?" என்று கோபப்பட்டாள்.

டிஜிட்டல் சிக்னல் பிராசஸிங் என்பது முழுப்பெயர். குரலையோ பாட்டையோ இதயத் துடிப்பையோ எண்களாக மாற்றி, அந்த எண்களைக் கணக்குப் போட்டு, உள்ளே என்னென்ன இருக்கிறது என்று பிரித்துப் பார்க்கிற படிப்பு. எந்த ஒலியும் வெவ்வேறு வேகத்தில் ஆடும் பல அலைகளின் கலவை. அந்தக் கலவையில் எந்த அலை எவ்வளவு என்று சொல்லும் கணக்குக்கு ஃபூரியர் டிரான்ஸ்ஃபார்ம் என்று பெயர். இந்த இரண்டு வாக்கியத்தை ஜின்சி தானாகச் சொல்லப் பழகுவதற்கே வருஷங்கள் ஆயின. அதற்கு முன்பே அவள் அந்தப் பாடத்தில் எண்பத்தேழு மதிப்பெண் வாங்கியிருந்தாள்.

வாங்கியது 2004ஆம் வருஷம் டிசம்பரில் எழுதிய தேர்வில். விடுதி மொட்டைமாடியில் நடந்து நடந்து படித்தாள். பழைய கேள்வித்தாள்களை வைத்து எது எது வரும் என்று கணித்து, வரக்கூடியதை வரிவரியாக மனப்பாடம் செய்தாள். பட்டர்ஃபிளை என்று ஒரு படம் உண்டு. ஃபூரியர் கணக்கைச் சீக்கிரமாகப் போடுவதற்கான வழி அது. குறுக்கும் நெடுக்கும் கோடு போட்டு, பட்டாம்பூச்சிகளை அடுக்கி வைத்ததுபோல இருக்கும். அதைக் கண்ணை மூடிக்கொண்டு வரைவாள். எதற்கு வரைகிறோம் என்று யாரும் கேட்கவில்லை, அவளும் கேட்டுக்கொள்ளவில்லை.

தேர்வு முடிந்து கிறிஸ்துமஸுக்குப் புத்தகங்களோடு வீட்டுக்கு வந்திருந்தாள். பண்டிகைக்கு மறுநாள் காலையில் கடல் ஏறி வந்தது. ததேயுஸ் குடும்பம் கோயில் பக்கம் ஓடிப் பிழைத்தது. பக்கத்து வீட்டில் மூன்று பேர் பிழைக்கவில்லை. ஜின்சியின் புத்தகங்கள் போனதை அந்த நாட்களில் ஒரு இழப்பாகச் சொல்ல யாருக்கும் வாய் வராது, அவளுக்கும் வரவில்லை. பிப்ரவரியில் முடிவு வந்தபோது எண்பத்தேழைப் பார்த்து அவள் ஒன்றுமே நினைக்கவில்லை.

பட்டம் வாங்கியபின் தக்கலைக்கு அந்தப் பக்கம் ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே புதிதாகத் தொடங்கியிருந்த ஒரு பொறியியல் கல்லூரியில் விரிவுரையாளராகச் சேர்ந்தாள். முதல் வருஷம் சுலபமான பாடங்கள். 2007 ஜூனில் துறைத் தலைவர் செல்வதாஸ் கூப்பிட்டார்.

"ஜின்சி, இந்த செமஸ்டர் டி.எஸ்.பி. நீங்க எடுங்க. நல்ல மார்க் வாங்கியிருக்கீங்கல்லா?"

"சார், சீனியர் யாராவது எடுத்தா..."

"சீனியர் ஒருத்தரும் எடுக்கமாட்டாவ. அதனாலதான் உங்கட்ட சொல்லுகேன்."

செல்வதாஸ் கெட்ட மனிதர் இல்லை. ஒவ்வொரு மாணவனின் வீட்டுச் சூழ்நிலையும் அவருக்குத் தெரியும். யாருடைய அப்பா ரப்பர் பால் வெட்டுகிறார், யாருடைய அப்பா சவுதியில் இருக்கிறார், யாருக்கு அரியர் விழுந்தால் படிப்பே நின்றுபோகும் என்று விரல்விட்டுச் சொல்வார். பிள்ளைகள் பாஸாக வேண்டும் என்பது அவருக்கு ஒரே வேதம்.

முதல் இரண்டு வாரம் ஜின்சி தடையில்லாமல் ஓட்டினாள். மூன்றாவது வாரம் ஃபூரியர் சூத்திரத்தைப் பலகையில் எழுதினாள். கூட்டல் குறி, அதற்குள் சிக்னல், அதன் பக்கத்தில் ஒரு e, அதன் தலையில் ஒரு மைனஸும் கற்பனை எண்ணைக் குறிக்கும் j-யும். எழுதிவிட்டுத் திரும்பியபோது இரண்டாவது பெஞ்சில் ரேஷ்மி கையைத் தூக்கிக்கொண்டிருந்தாள். திற்பரப்புப் பெண். அருவியில் குளிக்க வருகிறவர்களுக்குத் துண்டும் எண்ணெயும் விற்கிற கடை அவளுடைய அப்பாவுக்கு.

"மிஸ், உள்ள விடுகது சாதா நம்பர்தான? வெளிய வரும்போ எதுக்கு காம்ப்ளக்ஸ் நம்பரா வருது? இந்த j எங்கருந்து வந்துது?"

"ஃபார்முலாவுல இருக்குல்லா."

"ஃபார்முலாவுல எதுக்கு மிஸ் இருக்கு?"

வகுப்பு சிரித்தது. ரேஷ்மி சிரிக்கவில்லை, பதிலுக்காகக் காத்திருந்தாள். ஜின்சி பலகைப் பக்கம் திரும்பினாள். "அடுத்த கிளாஸ்ல பாப்போம்" என்று சொல்லிவிட்டுக் கணக்கைத் தொடர்ந்தாள்.

அடுத்த வகுப்பில் ரேஷ்மி கேட்கவில்லை. சூத்திரம் பலகைக்கு வரும்போதெல்லாம் ஒருமுறை நிமிர்ந்து பார்ப்பாள், அவ்வளவுதான். அவள் மறுபடி கேட்டிருந்தால்கூட அதட்டி உட்கார வைத்திருக்கலாம். இந்தப் பார்வையை என்ன செய்வது என்று ஜின்சிக்குத் தெரியவில்லை.

நூலகத்தில் அந்தப் பாடத்துக்கு இருந்த புத்தகங்கள் எல்லாவற்றையும் எடுத்து வந்தாள். ஒவ்வொன்றையும் முதல் பக்கத்திலிருந்து தொடங்குவாள். நாற்பதாம் பக்கம் வரை சுகமாகப் போகும். அதன்பின் "இதிலிருந்து எளிதாகக் காணலாம்" என்று ஒரு வரி வரும். அந்த வரிக்கு மேலே இருப்பது புரியும். கீழே இருப்பது எங்கிருந்து வந்தது என்று புரியாது. வேறு புத்தகத்தை எடுத்தால் அங்கேயும் அதே இடத்தில் அதே வரி, சொற்கள் மட்டும் வேறு. எளிதாம்! யாருக்கு எளிது? எழுதியவன் முன்னால் வந்து நின்றால் அந்தப் புத்தகத்தாலேயே தலையில் அடிக்கலாம் போல இருந்தது.

தக்கலையில் ஒரு பிரவுசிங் சென்டரில் வெளிநாட்டுப் பேராசிரியர்களின் வகுப்புகள் வீடியோவாகக் கிடைக்கும் என்று கேட்டுப் போனாள். பேராசிரியர் சாக்பீஸைத் தூக்குவார். படம் அப்படியே நின்றுவிடும். கையைத் தூக்கியபடி அவர் நிற்க, இவள் உட்கார்ந்திருக்க, திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். கடைசியில் படம் அசைந்தபோது அவர் பலகையை அழித்துக்கொண்டிருந்தார்.

கல்லூரியில் பக்கத்து மேசை லிஜா அவளோடு கூடப் படித்தவள். "நீ என்னத்துக்கு இப்படி வெப்ராளப்படுக? எனக்க கையில நோட்ஸ் உண்டு. அத போர்டுல எழுதிப் போடு, பிள்ளைய எழுதிக்கிடும்" என்றாள்.

"எழுதிப் போடலாம். ஆனா எனக்கு மனசிலாவல்லியே லிஜா."

"ஒனக்கு எண்பத்தேழு மார்க் உண்டும்லா? பிறகு என்ன மனசிலாகணும்?"

வீட்டிலும் இதே கேள்விதான். சாப்பாட்டு நேரத்தில்கூடத் தாளும் பேனாவுமாக உட்கார்ந்திருந்த மகளைப் பார்த்துக் கிரேசி, "பாஸான பாடத்த யாருட்டி திரும்பப் படிக்கா? ஒனக்க கூட்டுக்காரியெல்லாம் கல்யாணம் கழிஞ்சு பிள்ளையும் பெத்தாச்சு" என்றாள். ஜின்சி தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள். அந்த மாதம் முழுக்க அவள் எல்லோர் மேலும் எரிந்து விழுந்தாள். நாள்கணக்கில் கடலிலேயே தங்கி மீன்பிடிக்கும் தங்கல் முடிந்து வந்திருந்த ததேயுஸ், "இவளுக்கு என்ன கேடு?" என்று மனைவியிடம் கேட்டார். "பாடமாம்" என்றாள் கிரேசி.

செப்டம்பரில் ஒரு உள்தேர்வுக்குக் கண்காணிப்பாளராக அவளைப் போட்டார்கள். வரைகூடம் நிறைய மாணவர்கள் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். அவளுக்கு நடக்கவும் அலுத்து, உட்காரவும் அலுத்து, மிச்சமான விடைத்தாள் ஒன்றில் கிறுக்கத் தொடங்கினாள். புத்தகம் கையில் இல்லாததால் புத்தகத்தில் உள்ளது எதையும் எழுத முடியவில்லை. எனவே மிகச் சின்னதாக ஒன்றை எடுத்துக்கொண்டாள்: ஒரே ஒரு அலை, எட்டே எட்டு எண்கள். ஒன்று, புள்ளி ஏழு, பூஜ்யம், மைனஸ் புள்ளி ஏழு என்று இறங்கி, மைனஸ் ஒன்றைத் தொட்டு, அதே வழியில் ஏறி வருவது.

அந்த எட்டையும் அதே எட்டால் பெருக்கிக் கூட்டினாள். மைனஸும் மைனஸும் சேர்ந்து பிளஸ் ஆகிவிடுவதால் எல்லாம் ஒரே பக்கம் குவிந்து நான்கு வந்தது. பிறகு இரண்டு மடங்கு வேகமாக ஆடும் அலையை எழுதி அதனால் பெருக்கினாள். பிளஸும் மைனஸும் ஒன்றையொன்று தின்று பூஜ்யம் வந்தது. மூன்று மடங்கு வேகம், அதுவும் பூஜ்யம்.

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அந்தக் கூட்டல் குறிக்குள் நடப்பது இவ்வளவுதான். ஒவ்வொரு வேகத்து அலையையும் சிக்னலின் மேல் வைத்துப் பார்ப்பது. ஒத்துப்போனால் குவியும், ஒத்துப்போகாவிட்டால் அழிந்துபோகும். ஒரு சாதாரணப் பெருக்கலும் கூட்டலும். மூன்று வருஷமாகப் பட்டாம்பூச்சி பட்டாம்பூச்சியாக வரைந்துகொண்டிருந்தது இதைத்தானா?

சந்தோஷத்தில் இன்னொன்றும் செய்து பார்த்தாள். அதே அலை, அதே வேகம், ஆனால் கால்பங்கு தள்ளித் தொடங்குகிறது: பூஜ்யத்தில் ஆரம்பித்து ஏறி இறங்கி வருகிறது. அதைப் பழைய அலையால் பெருக்கிக் கூட்டினாள். நான்கு வரவேண்டும். பூஜ்யம் வந்தது.

தப்பாகப் போட்டுவிட்டோம் என்று மறுபடி போட்டாள். பூஜ்யம். முன்வரிசையில் எழுதிக்கொண்டிருந்த பெண்ணிடம் கால்குலேட்டரைக் கடன் வாங்கிப் போட்டாள். அதிலும் பூஜ்யம். மணி அடித்தது. விடைத்தாள்களைச் சேகரித்தபோது வரிசை எண் மாற்றி அடுக்கி, தேர்வு அலுவலகத்தில் திட்டு வாங்கினாள். கண்ணுக்கு முன்னால் அதே அலை அதே வேகத்தில் ஆடிக்கொண்டிருக்கிறது; இந்தக் கணக்கு 'இல்லவே இல்லை' என்கிறது. அப்படியானால் காலையில் புரிந்ததாக நினைத்ததும் பொய்தான். கல்லூரிப் பேருந்து தக்கலையைத் தாண்டுமுன் அந்தத் தாளைக் கிழித்து ஜன்னல் வழியாக எறிந்தாள்.

அதன்பின் பத்துப் பதினைந்து நாள் அவள் அந்தப் பக்கமே போகவில்லை. லிஜாவின் நோட்ஸை வாங்கிப் பலகையில் எழுதிப் போட்டாள். பிள்ளைகள் எழுதிக்கொண்டார்கள். ரேஷ்மியும் குனிந்து எழுதினாள். நிமிர்ந்து பார்ப்பதை நிறுத்திவிட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசையில் பிரசங்கம் நீண்டுகொண்டே போனது. கவனம் எங்கேயோ போய், எறிந்த தாளில் வந்து நின்றது. தள்ளித் தொடங்கிய அலை பழைய அலையோடு ஒத்துப்போகவில்லை, சரி. தள்ளித் தொடங்கிய இன்னொரு அலையோடு ஒத்துப்போகுமே? அப்படியானால் ஒவ்வொரு வேகத்துக்கும் ஒன்று போதாது, இரண்டு வைத்துப் பார்க்க வேண்டும். மேலே தொடங்குவது ஒன்று, பூஜ்யத்தில் தொடங்குவது ஒன்று. ஒன்று விட்டதை மற்றது பிடிக்கும். அந்த இரண்டு விடைகளும் ஒன்றோடொன்று கலந்துவிடாமல் சேர்த்து வைத்துக்கொள்ளத்தான்...

"j" என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள். பக்கத்தில் முழந்தாளிட்டிருந்த கிரேசி முழங்கையால் இடித்தாள்.

வீட்டுக்கு வந்து முக்காட்டைக்கூட எடுக்காமல் உட்கார்ந்து போட்டுப் பார்த்தாள். கால்பங்கு தள்ளியது: முதல் அலையோடு பூஜ்யம், இரண்டாவதோடு நான்கு. அரைக்கால், அதாவது எட்டில் ஒரு பங்கு தள்ளியது: இதிலும் கொஞ்சம், அதிலும் கொஞ்சம், இரண்டையும் வர்க்கமாக்கிக் கூட்டி மூலம் எடுத்தால் மறுபடி அதே நான்கு. எங்கே தொடங்கினாலும் தப்பவில்லை.

சந்தோஷம் கொஞ்ச நேரம் இருந்தது. மீன் குழம்பு வைத்துச் சாப்பிட்டு முடிப்பதற்குள் அது கோபமாக மாறிவிட்டது. எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குப் போதும் கணக்கு இது. இதை ஏன் எந்தப் புத்தகமும் இப்படிச் சொல்லவில்லை? அவளுக்குப் பாடம் எடுத்தவர் ஏன் சொல்லவில்லை? சொல்லாமல் விட்டாரா, அவருக்கும் தெரியாதா? தெரியாமலே எத்தனை பேர் இதைப் பலகையில் எழுதிக்கொண்டிருக்கிறார்கள்? போன வெள்ளிக்கிழமை வரை தானும் அவர்களில் ஒருத்திதான் என்பது நினைவுக்கு வந்ததும் எரிச்சல் இரட்டிப்பானது.

திங்கட்கிழமை வகுப்பில் லிஜாவின் நோட்ஸை மூடி வைத்தாள். "எல்லாரும் கால்குலேட்டர எடுங்க" என்றாள். எட்டு எண்களை எழுதினாள். வரிசைக்கு ஒரு வேகம் என்று பிரித்துக் கொடுத்தாள். பின்பெஞ்சில் தூங்குகிறவர்கள்கூடத் தட்டிப் பார்த்து, "மிஸ், எங்களுக்கு சீரோ", "எங்களுக்கு நாலு" என்று கத்தினார்கள். பிறகு அலையைத் தள்ளிவைத்தாள்; எல்லோருக்கும் பூஜ்யம். "இப்பம் என்ன செய்ய?" என்று கேட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். வகுப்பு குழம்பியது. மணி அடிக்கச் சற்று முன்னால் ரேஷ்மி, "மிஸ், ரெண்டு வேணும். ஒண்ணு போராது" என்றாள். அவள் முகம் மலர்ந்திருந்தது.

அந்த வாரமும் அடுத்த வாரமும் ஜின்சி காலில் சக்கரம் கட்டியவள்போல வகுப்புக்குப் போனாள். பெருக்கல்களை எப்படிப் பாதி பாதியாகக் குறைக்கலாம் என்று பிள்ளைகளையே தேட வைத்தாள். அந்தத் தேடலின் முடிவில் பட்டாம்பூச்சிப் படம் தானாக வந்து நின்றது. அதற்குள் அக்டோபர் பாதி போய்விட்டது. செல்வதாஸ் வகுப்புப் பதிவேட்டை விரித்து வைத்துக்கொண்டு கூப்பிட்டார்.

"இரண்டாவது யூனிட்டே முடியல்லியே ஜின்சி. ஃபில்டர் டிசைன் எப்பம் எடுப்பீங்க? பதினாறு மார்க் கேள்வி அதுலருந்துதான் வரும்."

"சார், பிள்ளைகளுக்கு இப்பம்தான் மனசிலாவ ஆரம்பிச்சிருக்கு."

"கொள்ளாம். நல்ல காரியம்தான். ஆனா பேப்பர் திருத்துகவன் மனசிலாச்சான்னா பாப்பான்? ஸ்டெப் இருக்கான்னு பாப்பான். இந்தப் பிள்ளைய தோத்தா வீட்டுல சோறு கிடைக்காது. நீங்க மனசிலாக்கிக் குடுத்தத வச்சு என்ன செய்யும் அதுக?"

"மனசிலாகாம பாஸாகி என்ன சார் செய்யும்?"

"வேல வாங்கும்" என்றார் செல்வதாஸ்.

மிச்சமிருந்த மூன்று யூனிட்டையும் அவள் ஐந்து வாரத்தில் ஓடி முடித்தாள். சனிக்கிழமைகளில் கூடுதல் வகுப்பு வைத்தாள். கடைசியில் நேரமில்லாமல் அவளும் பலகையில் எழுதிப்போடத்தான் வேண்டியிருந்தது. கேள்வித்தாள் வந்தபோது செல்வதாஸ் சொன்னதுபோலவே பெரிய கேள்விகள் எல்லாம் ஃபில்டர் டிசைன். ஃபூரியரில் பட்டாம்பூச்சிப் படம் மட்டும் கேட்டிருந்தார்கள். படத்துக்கு விளக்கம்கூடக் கேட்கவில்லை.

பிப்ரவரியில் முடிவு வந்தது. பாதிக்கு மேல் தோல்வி. துறையில் அதுவரை அப்படி ஒரு முடிவு வந்ததில்லை. ரேஷ்மியும் தோற்றிருந்தாள்.

முதல்வர் அறையில் அவளை உட்காரச் சொல்லவில்லை. பெற்றோர் கூட்டத்தில் ஒருவர், "டீச்சருக்குப் பாடம் தெரியாதுன்னு பிள்ளைய சொல்லுகாவ" என்றார். செல்வதாஸ் குறுக்கிட்டு, "அப்படிச் சொல்லப்பிடாது" என்றார். பாடம் தெரியாமல் எடுத்த முதல் மூன்று மாதத்தில் ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லையே என்று ஜின்சி நினைத்துக்கொண்டாள்.

ஆனால் அதெல்லாம் அவளை அவ்வளவு சுடவில்லை. சுட்டது ரேஷ்மி வந்து நின்றதுதான். வேலைக்கு ஆள் எடுக்க ஒரு கம்பெனி வந்திருந்தது; அரியர் உள்ளவர்களை உள்ளே விடவில்லை. ரேஷ்மி ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றாள். அழவில்லை.

"மிஸ், எனக்கு அது மனசிலாச்சு. இப்பம் கேட்டாலும் சொல்லுவேன். ஆனா பேப்பர்ல அத ஒருத்தரும் கேக்கல்லியே."

ஜின்சி நாற்காலியைக் காட்டி, "இரி" என்றாள். அன்றிலிருந்து மே மாதம்வரை மதிய இடைவேளைகளில் அவளுக்குத் தனியாகச் சொல்லிக் கொடுத்தாள். பழைய கேள்வித்தாள்கள், எந்தக் கேள்விக்கு எந்த வரியில் மதிப்பெண், எந்த எண்ணை மாற்றிக் கேட்பார்கள். "இது எதுக்கு மிஸ்?" என்று ரேஷ்மி ஒருமுறை வாய் திறந்தபோது, "கேக்காத. எழுது" என்றாள். அப்படிச் சொன்ன நாக்கை அறுத்துப் போடலாம் போல இருந்தது அவளுக்கு. ரேஷ்மி அந்த முறை எழுபத்தொன்பது வாங்கினாள். இனிப்பு கொண்டு வந்தாள். கம்பெனி மறுபடி வரவில்லை. ஒரு வருஷம் திற்பரப்பில் அப்பாவின் கடையில் இருந்துவிட்டு, பிறகு வங்கித் தேர்வு எழுதித் திருநெல்வேலிப் பக்கம் வேலைக்குப் போனாள்.

ஜின்சியிடமிருந்து டி.எஸ்.பி.யை எடுத்துவிட்டு, முதல் வருஷத்துக்குச் சுற்றுச்சூழல் பாடம் கொடுத்தார்கள். அதில் தோற்பவர்கள் யாரும் இல்லை. பாடம் கைவிட்டுப் போனபின்தான் அவளுக்கு அதன்மேல் பிடிவாதம் கூடியது. வகுப்பில்லாத நேரங்களில் ஆய்வகக் கணினி ஒன்றில் உட்கார்ந்துகொள்வாள். ஒரே வேகமுள்ள ஒலியை உள்ளே விட்டால் படத்தில் ஒரே ஒரு கோடு நிற்க வேண்டும் என்பது புத்தகத்தில் உள்ளது. ஆயிரம் என்ற வேகத்தைக் கொடுத்தால் சொன்னபடி ஒரு கோடு நின்றது. ஆயிரத்து நான்கு கொடுத்தால் கோடு சரிந்து இருபுறமும் மலைச்சரிவுபோலப் பரவியது. தான் எழுதிய நிரலில் பிழை என்று மாதக்கணக்கில் தேடினாள். பிழை இல்லை. கணக்குக்கு எடுத்த ஒலித் துண்டுக்குள் அலை முழுமுழுச் சுற்றாக அடங்கினால்தான் ஒரே கோடு வரும். அடங்காவிட்டால் சிந்தத்தான் செய்யும். புத்தகக்காரன் தனக்கு அடங்குகிற எண்ணாகப் பார்த்து எடுத்து உதாரணம் காட்டியிருக்கிறான். உலகத்தில் எந்த ஒலி அப்படி எண்ணிப் பார்த்து அடங்கி வருகிறது? இதையும் யாராவது ஒரு வரியில் சொல்லியிருக்கலாம். அன்றைக்கு அவள் விசைப்பலகையை ஓங்கி அறைந்ததில் ஒரு பொத்தான் தெறித்தது. ஆய்வக உதவியாளர் தங்கபாய் அதைத் தேடி எடுத்து, "பாடம் எடுக்காதவியளுக்கு இவ்வளவு கோபமா மிஸ்?" என்றாள்.

2009இல் கல்யாணம் நடந்தது. ஜெஃப்ரின், தோகாவில் ஏ.சி. பிரிவில் வேலை. நல்ல குணம். வருஷத்துக்கு ஒருமுறை வருவான். கருங்கலில் ஒரு சின்ன வீடு எடுத்துக்கொண்டார்கள், ஒரு மகள் பிறந்தாள். ஜெஃப்ரின் தொலைபேசியில், "அந்த j இப்பம் எப்படி இருக்கான்?" என்று கேட்பான். அவள் சிரிப்பாள்; சில நாட்கள் சிரிக்காமல் விளக்கத் தொடங்குவாள். அவன் பாவம், கேட்டுக்கொண்டிருப்பான்.

நடுவில் எம்.இ.யும் முடித்தாள். 2012இல் டி.எஸ்.பி. எடுத்துக்கொண்டிருந்தவர் பாதியில் மஸ்கட்டுக்குப் போய்விட, செல்வதாஸ் மறுபடி அவளைக் கூப்பிட்டார். "பழையது வேண்டாம் ஜின்சி" என்று மட்டும் சொன்னார். அவளும் பழையதைச் செய்யவில்லை. முதலில் கேள்வித்தாளுக்கு வேண்டியதை இடிச்சக்கை என்னும் பலாப்பிஞ்சை இடிப்பதுபோல இடித்து இறக்கினாள். மிஞ்சிய சில வகுப்புகளில் எட்டு எண்களை எடுத்தாள். அதற்குள் பிள்ளைகளுக்கு அலுத்துப் போயிருந்தது. "மிஸ், இது எக்ஸாமுக்கு உண்டுமா?" என்று ஒருவன் கேட்டான். இல்லை என்றாள். பேனாக்கள் மூடும் சத்தம் அறை முழுக்கக் கேட்டது. அந்த வருஷம் தேர்ச்சி தொண்ணூறைத் தாண்டியது. முதல்வர் கூட்டத்தில் எழுந்து நிற்கச் சொல்லிக் கைதட்ட வைத்தார்.

பிறகு ஊரெங்கும் பொறியியல் படிப்புக்கு ஆள் வருவது குறைந்தது. அறுபது பேர் இருந்த வகுப்பில் பதினெட்டுப் பேர் உட்கார்ந்தார்கள். 2015இல் கல்லூரி பாதி ஆசிரியர்களை நிறுத்தியது. அதில் ஜின்சியும் ஒருத்தி. செல்வதாஸ் அந்த வருஷம் ஓய்வு பெற்றிருந்தார். அவர் போன் செய்து, "அரியர் பிள்ளைய நிறைய சுத்துது ஜின்சி. ஒரு டியூஷன் வைங்க. டி.எஸ்.பி.ன்னா உங்க பேருதான் எல்லாரும் சொல்லுகாவ" என்றார்.

அப்படித்தான் கருங்கல் வீட்டின் முன்னறையில் ஒரு பலகை வந்தது. மார்த்தாண்டத்திலிருந்தும் குளச்சலிலிருந்தும்கூட ஆட்கள் வந்தார்கள். மூன்று தடவை, நான்கு தடவை தோற்றவர்கள். மீன் ஏலத்தில் நிற்கிறவன், கைக்குழந்தையோடு வருகிறவள், துபாய்க்கு டிக்கெட் எடுத்துவிட்டுப் பட்டத்துக்காகக் காத்திருப்பவன். பெரும்பாலும் எல்லோரையும் அவள் கரையேற்றிவிட்டாள். 'பாஸாக்கி விடுகிற மிஸ்' என்று பெயர் பரவியது. அந்தப் பெயர் காதில் விழும்போதெல்லாம் அவளுக்கு உள்ளுக்குள் ஏதோ கிழியும்.

டிஜோ என்று ஒருவன் வந்தான். மொபைல் கடையில் வேலை. ஐந்து தடவை எழுதித் தோற்றவன். முதல் நாள் அவனிடம் அவள், "இந்தப் போன்ல நீ பேசுகது எப்படி அங்க போவுதுன்னு யோசிச்சிருக்கியா?" என்று தொடங்கினாள். அவன் கையெடுத்துக் கும்பிட்டான்.

"மிஸ், கோவிக்கப்பிடாது. கடையில ஒரு மணிக்கூர்தான் விட்டிருக்காவ. எனக்கு விளக்கம் ஒண்ணும் வேண்டாம். எழுதவேண்டியத மட்டும் சொல்லுங்க."

அவனைப் பார்த்தாள். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. சட்டைப்பையில் சின்ன ஸ்குரூடிரைவர். கோபம் வந்தது, அவன்மேல் இல்லை என்பது தெரிந்ததால் அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. உள்ளே மகள் டி.வி.யின் சத்தத்தைக் கூட்டினாள். "அத குறைட்டி!" என்று கத்தினாள், தேவைக்கு மேல் சத்தமாக.

பிறகு பலகையை அழித்து, புள்ளிகள் வைத்து, குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகளை இழுக்கத் தொடங்கினாள். பாதியில் சாக்பீஸ் உடைந்தது. "இந்தப் பட்டர்ஃபிளைய அப்படியே வரைஞ்சா பத்து மார்க். அம்புக்குறி மட்டும் மாறிப் போகாம பாத்துக்க" என்றாள்.

"சரி மிஸ்" என்று டிஜோ குனிந்து எழுதிக்கொண்டான்.